அச்சை உடைத்த பிறகுதான் தெரியும்

நம்ம தெப்ராவ் பக்கத்துத் திருவிழாக்களில் இரத ஊர்வலம் வரும் உற்சவரைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பஞ்சலோகத் திருமேனி எப்படி உருவாகிறது?

இந்த வார்ப்புக்குப் பேர்போன ஊர், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து முதலில் மெழுகுச் சிலை செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள்.

இங்கேதான் கவனிக்கணும்:

1. மண்ணில் ஈரம் தங்கினால், அது ஆவியாகிச் சிலையில் ஓட்டை விழும்.
2. அச்சில் சூடு குறைந்தால், உலோகம் விரல் நுனிவரை போகாமல் வழியிலேயே உறைந்துவிடும்.
3. ஊற்றுவதை நடுவில் நிறுத்தினால், முன்னே ஊற்றியதும் பின்னே ஊற்றியதும் ஒட்டாமல் கோடு விழும்.

அச்சை உடைத்த பிறகுதான் இதெல்லாம் தெரியும். சின்னக் குறையை உளியால் சரிசெய்யலாம். ஆனா அங்கம் குறைந்த திருமேனி பூசைக்கு ஆகாது. உருக்கிவிட்டு, மெழுகிலிருந்தே மறுபடி தொடங்கணும்.

ஊற்றுவது கொஞ்ச நேரம். காயவைப்பது பல நாள். யாரும் பார்க்காத அந்த நாட்களில்தான் சிலையின் தரம் முடிவாகிறது.

சிந்திக்க: நீங்க ஈரம் காயும் முன்னே அவசரமாக ஊற்றிய வேலை எது?