கணக்குச் சொன்ன கணினி

என் மடிக்கணினியில் லினக்ஸ்தான் ஓடுகிறது. 2025 மார்ச்சில் வெளிவந்த க்னோம் 48 பதிப்பில், அமைப்புகளுக்குள் 'நலம்' என்று ஒரு பகுதி புதிதாகச் சேர்ந்தது. தினமும் எத்தனை மணி நேரம் திரைமுன் இருந்தோம் என்பதை அது வரைபடமாகக் காட்டும்.

"அசைன்மென்ட்தாம்மா, ரெண்டு மணி நேரம்தான்" என்று அம்மாவிடம் சொல்லிவந்தேன். வரைபடம் 7 மணி நேரம் என்றது. வெட்கமாகப் போய்விட்டது.

அன்றே நாளுக்கு 4 மணி நேரம் என்று வரம்பு வைத்தேன். நேரம் முடிந்தால் அறிவிப்பு வரும். நாம் தேர்ந்தெடுத்தால் திரை சாம்பல் நிறமாகும். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவும் எழுந்து நடக்கவும் தனித்தனி நினைவூட்டல்கள் உண்டு.

ஆனால், திரை தானாகப் பூட்டிக்கொள்ளாது. முதல் வாரம் சாம்பல் நிறத்திலேயே வீடியோ பார்த்தேன்! அப்போதுதான் புரிந்தது: நினைவூட்டுவது கணினியின் வேலை, மூடுவது நம் வேலை. இப்போதெல்லாம் நிறம் மங்கியதும் மூடிவிட்டு, அம்மாவோடு சாப்பிட உட்காருகிறேன்.

பயிற்சி: இன்று எவ்வளவு நேரம் திரை பார்த்தீர்கள்? முதலில் ஊகித்து எழுதுங்கள். பிறகு கணக்கைத் திறந்து பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு?