ஒன்பதாவது வளைவில் திறந்த அலமாரி

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பஸ் வீட்டின் அலமாரிக் கதவு ஒன்பதாவது வளைவிலேயே திறந்துகொண்டது. லோம்ஸ் வியூ காட்சிமுனை அங்கேதான் இருக்கிறது. மற்றவர்கள் இறங்கி அணையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நானும் மனைவியும் வண்டிக்குள் மண்டியிட்டுத் துவரம்பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தோம். சாம்பார்ப் பொடி கொட்டிய மூலையில் இன்னும் மல்லி வாசம் போகவில்லை.

அந்த அலமாரியைச் செய்தவர் எங்கள் வீட்டுச் சமையலறையைச் செய்த அதே தச்சர். 18 மி.மீ. பிளைவுட், மேலே மைக்கா, காந்தப் பூட்டு. பார்க்க அவ்வளவு அழகு. கரூரில் பாடி கட்டும் பட்டறை மேஸ்திரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க வூடு கட்றீங்களா, வண்டி கட்றீங்களா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். அன்று அந்தக் கேள்வி உறைத்திருந்தால் ஒரு லட்ச ரூபாயாவது மிச்சமாகியிருக்கும்.

ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட 2011ஆம் ஆண்டு மினி பஸ்ஸைத்தான் வாங்கினோம். பெரிய பஸ்மேல் ஆசை இருந்தது. ஆனால் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமமே போதும் என்பதால் மினி பஸ்ஸோடு நிறுத்திக்கொண்டோம். பள்ளி வண்டி என்பதால் கிலோமீட்டர் குறைவு, டயரில் பட்டனும் நன்றாக இருந்தது. அதை நம்பி ஏமாந்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். ஆறு டயரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

சீட்டைக் கழற்றுவதற்குள் முதல் வாரம் ஓடிவிட்டது. போல்ட் மேலே, நட்டு வண்டிக்கு அடியில். இரண்டும் துருவால் ஒன்றாகிவிட்டிருந்தன. ஸ்பானரோடு மல்லுக்கட்டாமல் கிரைண்டரால் அறுத்துத் தள்ளுவதே மேல். சீட்டுச் சட்டங்களைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். ரப்பர் விரிப்பை உரித்தபோதுதான் வண்டியின் உண்மையான வயது தெரிந்தது. கீழே இருந்த பலகை ஊறின அவல் மாதிரி கையோடு வந்தது. பின்சக்கர வளைவுக்கு மேல் தகட்டில் விரல் நுழையும் ஓட்டை. பல மழைக்காலம் பிள்ளைகளின் ஈரச் செருப்பு கொண்டுவந்த தண்ணீரெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் பட்டேன். ஓட்டைகளுக்கு மட்டும் தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டு, மற்ற இடங்களில் துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு பூசி, மேலே தரை போட்டேன். ஆறு மாதத்தில் தரை உப்பியது. கட்டில், சமையல் மேடை எல்லாவற்றையும் கழற்றி, துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, பிறகு பிரைமர், பெயின்ட், மூட்டுகளில் பி.யு. சீலன்ட் என்று முதலிலிருந்து செய்தோம். சிலிக்கான் வேண்டாம். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது, ஒருமுறை தடவிய இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது.

அடுத்தது வெயில். பஸ் என்பது சக்கரம் வைத்த தகரக் கொட்டகை. கூரைக்குத் தெர்மாகோல் ஒட்டினேன். ஓடும்போது கிறீச்சிட்டது, போதாக்குறைக்கு எளிதில் தீப்பிடிக்கும் பொருள். பிய்த்துப் போட்டுவிட்டு நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டி, கூரையின் வெளிப்பக்கம் வெள்ளை அடித்தோம். ஜன்னல்களில் பாதியைத் தகடு வைத்து அடைத்ததில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. வெயில் கூரையை விடக் கண்ணாடி வழியாகத்தான் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிரைவர் பக்கத்து போனட்டையும் மறக்காதீர்கள். எஞ்சின் சூடு, வண்டி நின்று ஒரு மணி நேரமானாலும் அங்கிருந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

வால்பாறையிலிருந்து திரும்பியதும் மேஸ்திரி எடை மேடைக்கு அனுப்பினார். முதலில் முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஓர் எடை, பிறகு முழு வண்டியும் ஓர் எடை. பின்பக்கம் பாரம் குவிந்து, முன்பக்கம் லேசாக இருந்தது. மலைப்பாதையில் ஸ்டியரிங் மிதந்த காரணம் அதுதான். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை இடம் கிடைத்ததே என்று பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருந்தேன். 200 கிலோ! குறைகுடம் தளும்பும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன், வளைவில் பிரேக் போட்டபோதுதான் முழுசாகப் புரிந்தது. இப்போது உள்ளே தடுப்புப் போட்ட இரண்டு சிறிய தொட்டிகள், இரு அச்சுகளுக்கும் நடுவில். 18 மி.மீ. பிளைவுட் முழுப் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல் வரும். அதனால் அலமாரிகளை அலுமினியச் சட்டத்தில் மெல்லிய ஏ.சி.பி. ஷீட் வைத்து மாற்றிவிட்டோம். காந்தத்துக்குப் பதில், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பித்தான் பூட்டு. தச்சருக்கு வருத்தம்தான்.

கரண்ட் விஷயத்தில் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் சுமார் இரண்டரை யூனிட் இருக்கும். மின்விசிறி, விளக்கு, சிறிய ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்குத் தாராளம். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை அதில் போட்டால் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே வேண்டாம். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். ஒற்றைக் கம்பி வயர் குலுக்கலில் முறிந்துபோகும், பல இழை வயர்தான் தாங்கும்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம். கசிவு காட்டும் அலாரத்தையும் தரையை ஒட்டியே வையுங்கள்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் கை வைக்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். சீட்டைக் கழற்றிவிட்டுப் போய் நின்ற எனக்கு ஏழு மாதம் அலைச்சல். இதற்கிடையே பிரைமர் மட்டும் அடித்த வண்டியை ஓட்டிப் போனபோது, குளித்தலைப் பக்கம் ஒரு நிறுத்தத்தில் இரண்டு பாட்டிகள் கைகாட்டி நிறுத்தி ஏறியே விட்டார்கள். டிக்கெட் இல்லை என்றதும் மகிழ்ச்சிதான். கட்டிலைப் பார்த்துவிட்டு, "இதுல படுத்துக்கிட்டே போலாமா சாமி?" என்று கேட்டார் ஒருவர்.

பழைய பஸ் பார்க்கப் போகிறவர்கள் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். ஒரு டார்ச்சும் சின்னச் சுத்தியலும் கொண்டுபோய், ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம்.