அவள் மண்டியிட்டாள், பாட்டி திருநீறு பூசினார்

கேள்வி: பெஸ்தாரி ஜெயா வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு சுங்கை செம்பிலாங்கில். என் வகுப்புத் தோழி நைஜீரியாவின் இபாடான் நகரத்துப் பெண். யொருபா இனம், கிறிஸ்துவர். தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தேன். பாட்டியைக் கண்டதும் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி வணங்கினாள். ஆசீர்வாதம் கேட்கிறாள் என்று நினைத்த பாட்டி, சாமி மேடையிலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் பூசிவிட்டார். அவள் திடுக்கிட்டுப் போனாள். பிறகு குளியலறைக்குப் போய்த் துடைத்துவிட்டு வந்தாள். பாட்டிக்கு முகம் வாடிவிட்டது.

அத்தை ஒருவர், "அம்மாடி, என்னா கறுப்பு!" என்று சிரித்தார். என்ன சொன்னார் என்று தோழி கேட்டபோது, "நீ நல்ல உயரமாம்" என்று சமாளித்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரரைப் பற்றியும் கேட்டாள், "அவர்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன செய்வார்கள்?" என்று. நான் பிறந்ததிலிருந்து பக்கத்து வீடு, ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பும் வழியில் புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைத் தோட்டங்களைக் காட்டி, "இது எங்கள் மரம். எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்" என்றாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பொங்கலுக்கு அவளை மறுபடி அழைக்கலாமா?

— வாசகி, சுங்கை செம்பிலாங்

பதில்: அன்பு மகளுக்கு,

பாட்டியும் தோழியும் இரண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். யொருபா வீடுகளில் பெரியவரைப் பார்த்ததும் பெண் மண்டியிடுவாள், பையன் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுவான். தினப்படி வணக்கமே அதுதான். நகரத்துப் பிள்ளைகள் லேசாக முழங்காலை மடக்குவதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. உன் தோழி முழுதாக மண்டியிட்டாள் என்றால், உன் பாட்டியைத் தன் பாட்டிக்குச் சமமாக நினைத்திருக்கிறாள். நம் வீட்டிலோ காலில் விழுவதைத் தீபாவளிக் காலை, கல்யாணம், பரீட்சை என்று விசேஷ நேரங்களுக்கு வைத்துக்கொண்டோம். விழுந்தால் பெரியவர் ஏதாவது தர வேண்டும். பாட்டி தந்துவிட்டார்.

தோழிக்குச் சிக்கல் திருநீறு மட்டும்தான். அவர்கள் ஊரில் பெரியவர்கள் வாயால் வாழ்த்துவது சாதாரணம். நெற்றியில் இடுவது மதம் சார்ந்த காரியம். எந்தச் சபையைச் சேர்ந்தவள் என்று நீ எழுதவில்லை. கத்தோலிக்கராக இருந்தால் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் இட்டுப் பழகியிருப்பாள், பெந்தெகொஸ்தேக்காரியாக இருந்தால் அதுவே பெரிய சங்கடமாக இருந்திருக்கும். எது எப்படியோ, பாட்டி முன்னால் துடைக்காமல் குளியலறைக்குப் போனாளே, அதைக் கவனித்தாயா? பாட்டியிடம் போய் இதை அப்படியே சொல். அடுத்த முறை தலையில் கை வைத்து வாழ்த்தினால் போதும். பாட்டிகள் இதையெல்லாம் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள்.

இனி மரத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உன் தோழி சொன்னதில் பாதி உண்மை.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848-ல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போய், அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட இடம் எது தெரியுமா? நீ படிக்கும் ஊரேதான். அப்போது அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. 1917-ல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், அங்கே தென்னமாரம் தோட்டத்தில், சரியாக வராத காப்பிக்குப் பதிலாக இதை நட்டார். பின்னாளில் இவர் மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கினார். நீயும் தோழியும் தினமும் போய்வரும் சாலைகள் அந்த மரத்தின் மலேசிய வரலாறு தொடங்கிய ஊரில் இருக்கின்றன. உங்கள் இருவருக்குமே அது தெரியவில்லை.

அவள் கோபத்துக்கும் காரணம் உண்டு. 1960-களின் நடுப்பகுதிவரை செம்பனை எண்ணெய் ஏற்றுமதியில் நைஜீரியாதான் முன்னணியில் இருந்தது. பிறகு மலேசியா முந்திக்கொண்டது. 1967-ல் அங்கே வெடித்த உள்நாட்டுப் போர், கிழக்கில் செம்பனை விளையும் வட்டாரத்தையே சின்னாபின்னமாக்கியது. இன்று நைஜீரியா செம்பனை எண்ணெயை இறக்குமதியும் செய்கிறது. "மலேசியாக்காரர்கள் அறுபதுகளில் நம்மிடம் விதை வாங்கிப் போனார்கள், இப்போது நமக்கே விற்கிறார்கள்" என்பது அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. காலக் கணக்கு தவறு. மரம் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கு வந்துவிட்டது. ஆனால் 1973-ல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியா போய், அந்நாட்டு ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து காட்டுச் செம்பனை ரகங்களைத் திரட்டி வந்ததும் உண்மைதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டு இங்கே கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பு பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவியது மனிதக் கை. மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் தூவ வேண்டும். அந்த வேலையில் பெண்கள் நிறைய. வண்டே மகரந்தத்தைப் பரப்பத் தொடங்கியதும் அந்த வேலை போயிற்று. உன் பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவராக இருந்தால் இதைக் கேட்டுப் பார். செம்பனையைப் பற்றிப் பேச உன் வீட்டில் அவரைவிடத் தகுதியானவர் இருக்க மாட்டார்.

தோழியிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. அவர்கள் சமையலில் எண்ணெயின் சிவப்பு நிறத்தை நீக்காமலே ஊற்றுவார்கள். நாம் தென்னையில் இறக்கும் கள்ளை அவர்கள் செம்பனையிலும் இறக்குவார்கள். யொருபாக்களின் பழைய குறி சொல்லும் முறையான இஃபாவில் பூசாரி பதினாறு செம்பனைக் கொட்டைகளைக் கையாண்டுதான் குறி பார்ப்பார். நமக்கு அது டன் கணக்கும் கூலிக் கணக்குமான மரம். அவர்களுக்கோ அடுப்படியிலும் கோயிலிலும் நிற்கிற மரம். "எங்கள் மரம்" என்று அவள் சொன்னபோது நீ நாட்டுக்காக வாதாடப் போய்விட்டாய். "உங்கள் வீட்டில் இதை என்ன செய்வீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெஸ்தாரி ஜெயா வந்து சேரும்வரை பேச்சு ஓடியிருக்கும்.

நாம் ஏன் கேட்பதில்லை? இங்குதான் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். நம் வட்டாரத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் ஒரே சாலையில் இருந்து சண்டையில்லாமல் வாழ்கிறோம். எப்படி? கேட்காமல் இருந்துதான். திறந்த இல்ல உபசரிப்பு என்று கூப்பிடுகிறோம், ஹலால் முத்திரை போட்ட டின் பிஸ்கட்டையும் பாக்கெட் பானத்தையும் வைக்கிறோம், அவர்கள் வருகிறார்கள், சிரிக்கிறார்கள், போகிறார்கள். ரம்லான் பெருநாளுக்குக் கெத்துப்பாட் வருகிறது, தீபாவளிக்கு முறுக்கு போகிறது. யாரும் யாரையும் புண்படுத்துவதில்லை. இந்த நாகரிகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அதை நமக்குக் கற்றுத் தந்தவை கசப்பான அனுபவங்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அண்டை வீட்டுப் பிள்ளைக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வெளிநாட்டு மாணவிக்குக் கேட்காமல் இருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அவள் ஊரில் குழந்தை பிறந்த எட்டாம் நாள் பெயர் சூட்டு விழா, அக்கம்பக்கமே திரண்டுவிடும். தேன், உப்பு என்று ஒவ்வொன்றையும் குழந்தையின் வாயில் தொட்டு வைத்து வாழ்த்துவார்கள். ஆகவே பக்கத்து வீட்டு விழா உனக்குத் தெரிந்திருக்கும் என்று இயல்பாகக் கேட்டாள். மலாய்க் குடும்பங்களில் குழந்தைக்கு முடி நீக்கும் சுக்கூர் ஜம்புல் சடங்கு உண்டு. நாமும் முடி இறக்குகிறோம். போய்க் கேட்டுவிட்டு வந்து தோழிக்குச் சொல். பக்கத்து வீட்டு மாக்சிக் சந்தோஷமாகத்தான் சொல்வார்.

ஒரு ஆய்வையும் சொல்கிறேன். வெளிநாட்டு மாணவர்களின் நட்பை ஆராய்ந்த ஸ்டீபன் போக்னர் 1977-ல் எழுதினார்: அவர்கள் மனம்விட்டுப் பழகுவது பெரும்பாலும் சொந்த நாட்டவரோடு. உள்ளூர் நண்பர்களை நாடுவது பாடம், மொழி, அலுவலகப் படிவம் போன்ற காரியங்களுக்கு. உன் தோழி தீபாவளி வீட்டுக்கே வந்து, கோபத்தையும் உன்னிடமே காட்டியிருக்கிறாள். படிவம் நிரப்ப வந்தவள் அப்படிச் செய்ய மாட்டாள்.

அவள் சொல்வதையெல்லாம் நைஜீரியாவின் கருத்தாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த நாட்டில் 250-க்கும் மேற்பட்ட இனங்கள். இக்போ தோழி ஒருத்தியோ ஹவுசா தோழி ஒருத்தியோ வந்தால் வேறு கதை சொல்லுவாள். நம்மில் ஒருவர் சொல்வதை வைத்து மலேசியத் தமிழர் எல்லாரையும் அளந்தால் நமக்கு எப்படி இருக்கும்!

அத்தை விஷயத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதுதான் கடினம். நீ பொய் சொன்னது தோழிக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. நைஜீரியாவின் லேகோஸ் சந்தையிலும் வெண்மையாக்கும் களிம்பு விற்கிறது, நம் தாமான் கடையிலும் விற்கிறது. நிறத்தால் பட்ட புண் இரண்டு பக்கமும் இருக்கிறது. அத்தையின் புண்ணும் அதில் சேர்த்திதான், ஒரு காலத்தில் அவரையும் யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதைத் தோழியின் தலையில் இறக்கிவைக்க விடாதே. அவளிடம் நேராகச் சொல்: "அத்தை உன் நிறத்தைப் பற்றிச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் மாற்றிச் சொன்னேன்." அத்தையிடம் தமிழில், தனியாக, பொங்கலுக்கு முன்னால் பேசு. கூட்டத்தில் கண்டித்தால் அவர் தோழியைத்தான் வெறுப்பார்.

பொங்கலுக்குத் தாராளமாக அழை. சமையல்கட்டுக்குள் விடு, உட்கார வைத்துப் பரிமாறிக்கொண்டே இருக்காதே. இடது கையால் எதையும் நீட்டக்கூடாது என்பதை நீ சொல்லித் தர வேண்டியிருக்காது, அவர்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். உன் அம்மாவை உன் பெயர் சொல்லி "இன்னாரின் அம்மா" என்று கூப்பிட்டாலும் ஆச்சரியப்படாதே, யொருபாக்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். காரம் குறைக்க வேண்டுமா என்று மட்டும் அவளிடமே கேட்டுவிடு. பெரும்பாலும் வேண்டாம் என்பாள்.