மலைப்பள்ளிக்குக் கைகொடுக்க

2024-25இல் தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தின் நிதி ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. நிதி இறுகினால் சின்னப் பழுதுகள்தான் முதலில் தள்ளிப்போகும். ஏற்காட்டு அரசுத் தொடக்கப்பள்ளிப் பெற்றோர் செய்யக்கூடியவை:

● பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, பாதி பெண்களுக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் தந்தது இது, விட்டுவிடாதீர்கள்.

● காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் வேலை முடிந்தபின் கூட்டம் வையுங்கள். கூலியை விட்டுவிட்டு எந்தத் தாயால் வரமுடியும்?

● கூரை ஒழுகுகிறதா? மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள். சொட்டுக்கு வாளி வைத்த இடத்தைப் படமெடுத்து, தேதியோடு தீர்மானப் பதிவேட்டில் எழுதி, மனுவோடு இணைத்துவிடுங்கள். வாய்வார்த்தை நிற்காது.

● நன்கொடை 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளம் வழியாக வரட்டும். ரொக்கமாக வாங்க வேண்டாம்.

● பணமில்லாதவர் வேலி கட்டலாம், தோட்டம் போடலாம். பிள்ளைகள் கையில் மட்டும் வசூல் சீட்டு கொடுத்தனுப்பாதீர்கள்.