நாள்பட்ட வலி: வீடு தேடி வரும் நர்ஸிடம் என்ன சொல்வது?



குழுவில் உள்கடன் கேட்கும்போது "ஆஸ்பத்திரிச் செலவு" என்ற காரணம் அடிக்கடி வருகிறது. விசாரித்தால் பல நேரம் முழங்கால் வலி, இடுப்பு வலிக்குப் போட்ட ஊசிதான். ரெண்டு நாள் நல்லா இருக்கும், மறுபடி அதே வலி. மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வலி. இதற்கு 108-ஐக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, நெஞ்சு வலித்து வேர்த்துக் கொட்டினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

மற்ற வலிக்கு உதவி வீட்டுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபிஸ்டும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்பு நர்ஸும் வருகிறார்கள். பேரைத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யலாம்.

நர்ஸ் வந்ததும் "வலிக்குதும்மா" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, எப்போதிருந்து, என்ன வேலை செய்தால் கூடுது, ராத்திரி தூக்கம் வருதா என்று சொல்லணும். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. இதில் உங்கள் வலி எத்தனை என்றும் கேட்பார்கள். நம் பெண்கள் 8 இருந்தாலும் "பரவாயில்லை" என்பார்கள். அது வேண்டாம். மருந்து குறைவாகிவிடும். போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்தையும்கூட, எடுத்துக் காட்டுங்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவது எளிமையானது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணும்வரை நிறுத்தி இறக்க வேண்டும். அப்படி 10 தடவை, பிறகு அடுத்த கால். வலி கூடினால் நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள்.

புற்றுநோய் வலிக்கு டாக்டர் மார்ஃபின் எழுதித்தந்தால் "அடிமையாயிடுவாங்க" என்று பயந்து சில வீடுகளில் ஒளித்து வைக்கிறார்கள். பாவம், நோயாளி துடிக்கிறார். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாவது அபூர்வம். வலி வந்தபிறகு தராமல், மணி பார்த்துத் தர வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். அளவுக்கு மீறித் தூங்கினாலோ, மூச்சு மெதுவானாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், வேறு யாருக்கும் தராதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் தெருவில் வலியோடு படுத்திருப்பவர்களின் பெயர்களை எழுதி, தன்னார்வலரிடம் கொடுங்கள்.