தேடலும் மூன்று சமிதிகளும்

ஒருவர் மறைத்த பெட்டியைச் செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவியால் பிறர் தேடிக் காணும் ‘ஜியோகேச்சிங்’ விளையாட்டு, 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தோன்றியது. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் மூன்றை இதன்வழி நம் சிறுவர்க்கு நாம் உணர்த்தலாம். எண்ணூர் முகத்துவாரக் கரையில், மண்ணைத் தோண்டாமல், பெற்றோரே ஒரு பெட்டியை மறைத்து வைக்கலாம்.

1. ஈரியா சமிதி: நண்டும் எறும்பும் மிதிபடாமல் நிலம் நோக்கி நடத்தல். கருவியைப் பார்க்கும் கண் காலடியை மறத்தலாகாது.

2. ஆதான நிக்ஷேபண சமிதி: பெட்டியை எடுக்குமுன்னும் மீள வைக்குமுன்னும் அடியில் உயிர் உண்டோ எனப் பார்த்தல்.

3. உத்சர்க்க சமிதி: கழிவை உயிர்க்கு ஊறின்றி நீக்குதல். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் இக்கரையில் படிந்தது. கூழைக்கடாக்களின் சிறகுகள் கறுத்தன. மீனவர் தொழில் முடங்கியது. இதனை அவ்விடத்திலேயே எடுத்துரைப்போம்.

பொழுது சாயுமுன் வீடு திரும்பி, மூன்றில் எது கடினமாயிருந்தது என்று குழந்தைகளையே சொல்லச் செய்வோம்.