உரோமை நகரின் பூனைகள் உணர்த்தும் பாடம்

முன்னுரை

பசித்து வந்த உயிர்க்கு ஒரு பிடி சோறிடுவது அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், சோறிட்டதோடு அவ்வறம் நிறைவு பெற்றுவிடுகின்றதா? தெருப்பூனைகளைப் பேணுவதில் இத்தாலியின் தலைநகராகிய உரோமை பெற்ற பட்டறிவு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

பெருக்கமும் துன்பமும்

பெண்பூனை ஆறு திங்கள் வயதிற்குள்ளேயே கருவுறக்கூடியது. அதன் சூற்காலம் ஏறத்தாழ 65 நாட்கள். ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் பிறத்தல் இயல்பு. தெருவில் பிறக்கும் குட்டிகளுள் பல, நோயாலும் பசியாலும் ஊர்திகளில் அடிபட்டும் மாய்கின்றன. கருத்தடையின்றி உணவு மட்டும் அளிப்பின் இத்துன்பமே பெருகும். கொன்று குறைக்கலாம் எனின், அஃது அருளன்று, பயனும் நிலைப்பதில்லை. உணவும் ஒதுங்க இடமும் உள்ளவரை வேறு பூனைகள் அங்கு வந்து குடியேறும்.

சட்டம் வகுத்த வழி

1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இத்தாலி இயற்றிய 281ஆம் எண் சட்டம், கட்டற்று வாழும் பூனைகளைத் துன்புறுத்துவதைத் தடை செய்தது. அரசுக் கால்நடை மருத்துவர்கள் அவற்றிற்குக் கருத்தடை செய்து, அவை வாழ்ந்த கூட்டத்திலேயே மீண்டும் விடவேண்டும். கடும் நோயோ தீரா நோயோ உற்றவற்றை மட்டுமே உயிர்நீக்கலாம். சூலியசு சீசர் கொலையுண்ட இடத்தை உள்ளடக்கிய தோர்ரே அர்ஜென்டினா இடிபாடுகளில் வாழும் பூனைகளைத் தொண்டர்கள் பேணி வருகின்றனர். அறுவை செய்யப்பெற்ற பூனையை மீண்டும் பிடித்து வருத்தாதிருக்க, மயக்க நிலையிலேயே காதின் நுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிடும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு.

ஆய்வு காட்டும் உண்மை

1991 முதல் 2000 வரை உரோமையில் ஏறத்தாழ 8,000 பூனைகள் கருத்தடை செய்யப்பெற்று மீண்டும் விடப்பட்டன. 103 கூட்டங்களை ஆராய்ந்தபோது எண்ணிக்கை பொதுவாகக் குறைந்திருக்கக் கண்டனர். எனினும், புதியனவாக வந்து சேர்ந்தவை 21 விழுக்காட்டளவில் இருந்தன. அவற்றுள் தாமே வந்தனவும் உண்டு. வளர்த்தோர் கைவிட்டுச் சென்றனவும் உண்டு.

முடிவுரை

வீட்டுப்பூனைக்குக் கருத்தடை செய்யாது, அஃது ஈன்ற குட்டிகளைத் தெருவில் விடுவோர் உள்ளவரை, மருத்துவர் உழைப்பும் அரசின் பொருளும் விழலுக்கு இறைத்த நீரேயாம். எனவே தெருப்பூனையின் துயர் துடைக்கும் பணி வீட்டு வாயிலிலேயே தொடங்குகின்றது. இரங்குவது எளிது, பொறுப்பேற்பது அரிது. இரண்டும் இணையுமிடத்தே அறம் நிறைவு பெறுகின்றது.